பையன் தப்புப் பண்ணிவிட்டான், நாளைக் காலையில் என்ன செய்வது? கடலோரப் பெற்றோருக்கும் ஊர்க் கமிட்டிக்கும் ஒரு கையேடு

இராமநாதபுரம் கடலோரத்தில் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரைக்கும் எந்தக் கரையிலும் ஒரு பையன் திருட்டிலோ கடத்தலிலோ கையும் களவுமாகச் சிக்கினால் ஊரில் இரண்டு பேச்சு கிளம்பும். “முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும். அப்பன் அடிக்கலை, அதான் இப்படி” என்பது ஒன்று. “சின்னப் பையன்னு சட்டம் விட்டுருது. பத்து வருஷம் உள்ளே போட்டா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்” என்பது மற்றொன்று. திருடு கொடுத்தவருக்கும் பயந்துபோன தாய்க்கும் வருகிற கோபம் நியாயமானது. ஆனால் மறுநாள் காலையில் அந்தப் பையன் எழுந்து வந்து திண்ணையில் உட்காரும்போது அவனை என்ன செய்வது என்பதற்கு இரண்டு பேச்சிலும் வழி கிடையாது.

அந்தக் காலைக்காகத்தான் இதை எழுதுகிறோம். 12 முதல் 17 வயது வரையுள்ள பையன்களைப் பற்றியது. வீட்டில் என்ன செய்வது, ஊரில் எப்படி உட்கார்ந்து பேசுவது, காவல் நிலையம்வரை போய்விட்டால் எந்தக் காகிதத்தை எடுப்பது என்ற வரிசையில் போகிறோம்.

தண்டனை பெரிதானால் பயம் வருமா

நம் கரையிலேயே இதற்குச் சோதனை நடந்து முடிந்திருக்கிறது. கடல் அட்டை என்ற கடல் உயிரினம் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தது. புலிக்கு உள்ள பாதுகாப்பே அட்டைக்கும். பிடித்தால், வைத்திருந்தால், விற்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை. குறைந்தபட்ச அபராதம் 10,000 ரூபாயாக இருந்ததை 2022-இல் வந்த திருத்தம் 25,000 ஆக்கியது. கஞ்சாவுக்கு 1985 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. 20 கிலோவைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டு. இதைவிடக் கடுமையாக என்ன எழுத முடியும்? ஆனாலும் அவித்துக் காயவைத்த அட்டை மூட்டையும், பீடி இலையும், கஞ்சாப் பொட்டலமும், இலங்கை மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய பிறகு மஞ்சள் மூட்டையும் இதே கரையில் பிடிபட்டுக்கொண்டே இருக்கின்றன.

கடத்தலோடு சேர்த்துப் பேசக்கூடாத, ஆனால் நமக்கு நன்றாகப் புரிகிற இன்னொன்றும் உண்டு. 2018-இல் இலங்கை தன் எல்லைக்குள் வரும் அயல்நாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு ஏற்றியது. 2024-லும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் பிடிபட்டார்கள். பிழைப்புக்குப் போகிறவர் அபராதத் தொகையை மனக்கணக்குப் போட்டுக் கிளம்புவதில்லை. இன்று ரோந்து எந்தப் பக்கம், நேற்று யாரைப் பிடித்தான் என்றுதான் கேட்கிறார். பெரியவர்களுக்கே கணக்கு இப்படி என்றால் 16 வயதுப் பையனுக்கு எப்படி இருக்கும்? பத்து வருடம் என்பது அவன் வாழ்ந்த வாழ்க்கையில் பாதிக்கு மேல். அந்த அளவு அவன் மனத்தில் நிற்காது. “இன்றைக்கு மாட்டுவேனா, வீட்டுக்குத் தெரியுமா” என்பது மட்டும் நிற்கும்.

குற்றத்தைத் தடுப்பது பற்றி நாடு நாடாக நடந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே காட்டுகின்றன: பிடிபடுவது உறுதி என்ற எண்ணம் தடுக்கும் அளவுக்குத் தண்டனையின் நீளம் தடுப்பதில்லை. அமெரிக்காவில் 1970-களில் நியூஜெர்சியின் ராவே சிறைக்குப் பையன்களை அழைத்துப்போய், ஆயுள் கைதிகளை விட்டு அதட்டச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். பல ஊர்களில் அதைப் பின்பற்றினார்கள். பிறகு கணக்கெடுத்தபோது, போகாத பையன்களைவிடப் போய்வந்தவர்கள்தான் கூடுதலாகத் தப்புச் செய்திருந்தார்கள். நம் ஊரில் “ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் ரெண்டு தட்டு தட்டச் சொல்லுங்க சார்” என்று கேட்கும் அப்பாக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தட்டு வாங்கி வந்த பையனுக்குப் பயம் சில நாளில் வடிந்துவிடும். ஸ்டேஷன் பார்த்தவன் என்ற பேரும், அங்கே உட்கார்ந்திருந்த இரண்டு பேருடைய பழக்கமும் தங்கிவிடும்.

தண்டனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்டனை கட்டாயம் வேண்டும். அது தப்பாமல் வரவேண்டும், சீக்கிரம் வரவேண்டும், கெடுத்ததைத் தன் கையாலேயே சரிசெய்வதாக இருக்கவேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அளவு சின்னதாக இருந்தாலும் போதும்.

எப்படி இழுக்கப்படுகிறான்

எந்தப் பையனும் நேராகக் கடத்தல் படகில் ஏறுவதில்லை. முதல் வேலை காவல்: கரையில் உட்கார்ந்துகொண்டு ஜீப் லைட் தெரிந்தால் போன் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அது தப்பு என்றே அவனுக்குத் தோன்றாது. அடுத்தது பைக்: ரோட்டில் இறங்கும் மூட்டையை உடைமரக் காட்டுக்கோ பனங்காட்டுக்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பது. பிறகு அட்டை அவிக்கும் இடத்தில் அடுப்புக்கு விறகு போட, மணலில் புதைத்து எடுக்க, காயவைக்க ஆள். கடைசியில்தான் ஏற்றிவிடுவதும் கூடப் போவதும். முதல் படியிலேயே கண்டுகொண்டால் வீட்டுக்குள் முடியும் விஷயம் இது.

வாய்ப்பான காலம் எது என்பதும் நமக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அதே நேரத்தில் பள்ளிக்குக் கோடை விடுமுறை. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் ஒரு பக்கம் நிற்கும். அந்த வீட்டுப் பையனிடம் ஒருவன் வந்து ஓர் இரவு வேலைக்கு ஒரு பணக்கட்டை எடுத்து நீட்டுகிறான். பையனுடைய பொறுப்பைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும். பொறுப்பு இல்லாமல் போய்விடாது. ஆனால் எங்கே கை வைத்தால் அவனைத் திருப்ப முடியும் என்று இதில்தான் தெரியும்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்: விசைப்படகுகள் டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) வாங்கிப் போகாத நாளில் “கடலுக்குப் போறேன்” என்று இரவில் கிளம்புவது. கடலுக்குப் போய் வந்ததாகச் சொல்லும் உடம்பில் மீன் வாடையே இல்லாதது, அல்லது மீன் வாடை அல்லாத அவித்த அட்டையின் நாற்றம் சட்டையில் இருப்பது. இரண்டாவது சிம். யாருடைய பெயரில் என்று தெரியாத பைக், எப்போதும் நிரம்பிய டேங்க். ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவுகட்டாதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அன்றைக்கே உட்கார்ந்து கேளுங்கள்.

வீட்டில்: எப்படித் தண்டிப்பது

முதலில் அடி பற்றி. அடித்தால் அடங்குகிறான் என்பது பாதி உண்மை. அடிக்கும் ஆள் கண்முன் இருக்கும்வரை அடங்குவான். நம் கரையில் அப்பா வாரத்தில் மூன்று இரவு கடலில். சிலர் மங்களூர், கொச்சிப் பக்கம் தங்கி மீன்பிடிக்கப் போய் மாதக்கணக்கில் வராதவர்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சபுராளி (வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்) வீடுகளில் அப்பாவின் முகம் போனில் மட்டும். அடிக்கிற கை தூரத்தில் இருக்கும்போது பயமும் தூரத்துக்குப் போய்விடுகிறது. மிஞ்சுவது மறைக்கும் பழக்கம். இன்னொரு கெடுதல், தாமதம். தப்பு நடந்தது ஒரு நாள், அப்பா கரையேறி அடிப்பது மூன்றாம் நாள் என்றால், அதற்குள் அவன் அம்மாவிடம் திட்டு வாங்கி, அழுது, சமாதானமாகிச் சாப்பிட்டு முடித்திருப்பான். அந்த அடி அவனுக்கு அநியாயமாகவே படும்.

எனவே வீட்டில் யார் எப்போதும் இருக்கிறார்களோ அவர்தான் தண்டனையைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அம்மா, சில வீடுகளில் தாத்தா அல்லது தாய்மாமன். தூரத்தில் இருக்கும் அப்பாவுக்கு ஒரே வேலை: போனில், “அம்மா சொன்னதுதான் என் பேச்சும்” என்று சொல்வது. அவர் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வெளிநாட்டிலிருந்து அப்பா ஆத்திரத்தில் “வீட்டைவிட்டுத் துரத்து” என்பதும், அடுத்த வாரம் மனசு கேட்காமல் புதுப் போன் வாங்க அனுப்புவதும் ஒரே கெடுதலின் இரண்டு பக்கம்.

செய்முறைக்கு வருவோம். பையன் பக்கத்து வீட்டுக்காரரின் நண்டு வலையைத் தூக்கி, நண்டை விற்று, வலையையும் கிழித்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நஷ்டம் 1,200 ரூபாய்.

தெரிந்த அன்றே, பொழுது சாய்வதற்குள், நீங்கள் கூடப் போய் அவனே வாயால் சொல்லச் செய்யுங்கள். “மன்னிச்சுருங்க” என்ற ஒரு வார்த்தை போதாது. என்ன எடுத்தான், எங்கே விற்றான், எவ்வளவு வாங்கினான் என்று அவனே சொல்ல வேண்டும். பணத்தை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான்: மானம் போகிறதே என்று அப்பா அன்று இரவே 1,200 ரூபாயை நீட்டிவிடுகிறார், விஷயம் முடிந்துவிடுகிறது, பையன் கற்றுக்கொண்டது அப்பாவின் பையில் பணம் இருக்கிறது என்பதை மட்டும். வலைக்காரருக்கு உடனே பணம் வேண்டிய நிலை என்றால் நீங்கள் கொடுக்கலாம். ஆனால் அது பையன் உங்களிடம் பட்ட கடனாக எழுதப்பட வேண்டும்.

பிறகு ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரம் 200 ரூபாய், ஆறு வாரம். பள்ளி இல்லாத நாளில் சொந்த வீட்டு வலையைப் பொத்துவது, மீன் பிரிப்பது, கருவாடு காயப்போடுவது போன்ற வேலைக்குக் கூலியாகக் கழிக்கலாம். கிழிந்த வலையை அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவனே பொத்திக் கொடுக்க வேண்டும். 14 வயதுக்குக் கீழே உள்ளவனை வெளியாளிடம் கூலிக்கு அனுப்பாதீர்கள். அது சட்டப்படி குற்றம். அதற்கு மேல் உள்ளவனையும் படகு வேலைக்கு விடாதீர்கள், கரை வேலையோடு நிறுத்துங்கள்.

ஆறு வாரத்துக்கு ஏன் வரம்பு? நீண்ட தண்டனையை எந்த வீடும் காப்பாற்றாது. “ஒரு வருஷம் போன் கிடையாது” என்று சொன்ன வீட்டில் ஆறாம் நாள் ஆச்சி பாவம் பார்த்துக் கொடுத்துவிடுவார். சொன்ன தண்டனை நடக்காமல் போவது தண்டனை இல்லாததைவிட மோசம். வீட்டுப் பேச்சுக்கு மதிப்பில்லை என்பதை அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. முடிவு தேதி நோட்டில் இருக்கட்டும். அந்தத் தேதி வந்ததும் முடித்துவிடுங்கள். முடிந்த பிறகு சண்டையில் அதை எடுத்துப் பேசக்கூடாது. உறவுக்காரர் கல்யாண வீட்டில் பேசினாலும் தடுங்கள்.

சாப்பாட்டை நிறுத்துவது, வீட்டுக்கு வெளியே படுக்க வைப்பது, பள்ளியை நிறுத்துவது, தலையை மொட்டை அடிப்பது, வீடியோ எடுத்து உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது, எதுவும் வேண்டாம். பள்ளியை நிறுத்துவதுதான் இவற்றில் மிகப் பெரிய தவறு. பகல் முழுவதும் சும்மா இருக்கும் பையனைத்தான் அந்த ஆட்கள் தேடுகிறார்கள்.

பைக் சாவி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 18 வயது ஆகாதவன் உங்கள் வண்டியை ஓட்டிக் குற்றம் நடந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு வண்டி உரிமையாளருக்கும் பெற்றோருக்கும் 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இரவில் சாவி அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கட்டும். நம் கரையில் முதல் தப்புக்கும் இரண்டாம் தப்புக்கும் நடுவே நிற்கிற பொருள் பைக் சாவிதான்.

ஊரில்: எப்படி உட்கார்ந்து பேசுவது

ஊர்க் கமிட்டியும் ஜமாஅத்தும் பங்குப் பேரவையும் நல்லதும் செய்யும், பெரும் கெடுதலும் செய்யும். கோயில் வாசலில் நிறுத்தி அடிப்பது, மரத்தில் கட்டுவது, குடும்பத்தை ஊர்விலக்கம் செய்வது எல்லாம் குற்றம். கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லியிருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஊர் முன்னால் அவமானப்பட்ட பையனுக்கு ஊரில் இழப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவனை மதித்துப் பேர் சொல்லிக் கூப்பிடும் ஒரே ஆள் கடத்தல் பார்சல் கொடுக்கிறவனாகிவிடுகிறான்.

எதைப் பேசி முடிக்கலாம், எதைக் கூடாது என்ற கோடு தெளிவாக இருக்கட்டும். சின்னத் திருட்டு, உடைப்பு, சில்லறை அடிதடி ஆகியவற்றை, இரு தரப்பும் மனமொப்பினால், பேசலாம். கஞ்சா, ஆயுதம், பெரிய காயம் ஆகியவற்றை ஊர் தொடவே கூடாது. பிள்ளைகள் மீதான பாலியல் குற்றத்தைத் தெரிந்தும் புகார் தராமல் மறைத்தால் போக்சோ சட்டப்படி மறைத்தவருக்கே 6 மாதம் வரை சிறை. “பொம்பளைப் பிள்ளை பேரு கெட்டுரும்” என்று பேசி முடித்து வைப்பவர் அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது கொடுமை செய்கிறார்.

உட்காரும்போது ஆறு பேருக்கு மேல் வேண்டாம்: இழந்தவர், பையன், அவன் வீட்டார் ஒருவர், அவன் மதிக்கும் ஒருவர் (ஆசிரியர், கபடிக் குழு அண்ணன், உஸ்தாத், பங்குத்தந்தை யாராகவும் இருக்கலாம்), கமிட்டியிலிருந்து இருவர். இடம் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை. வேடிக்கை பார்க்க ஆள் சேராத நேரம். இழந்தவர் முதலில் பேசட்டும், முழுவதும் பேசட்டும். அந்த வலை முடங்கியதால் எத்தனை நாள் பாடு போனது, பள்ளிக் கட்டணம் எப்படி நின்றது என்று அவர் சொல்லும்போது பையன் தலை குனிவான். அந்தக் குனிவு அடியால் வராது. பிறகு பையனிடம் மூன்றே கேள்வி: என்ன நடந்தது, யாருக்கு என்ன நஷ்டம், அதை எப்படிச் சரிசெய்வாய். மூன்றாவதற்கு அவனே வழி சொல்லும்வரை காத்திருங்கள். அமைதி நீண்டாலும் பெரியவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. நம் ஊர்க் கூட்டங்கள் கெடுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

முடிவை ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தொகை இழந்தவருக்குப் போகவேண்டும், ஊர்ப் பொதுப் பணத்துக்கு அல்ல. அபராதத்தைக் கமிட்டி எடுத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கும் இடங்களில் இழந்தவர் கையில் ஒன்றும் சேர்வதில்லை, பையனுக்கும் யாருக்குச் செய்த கெடுதல் என்பது மறந்துபோகிறது.

இது ஏதோ இளக்காரமான வழி என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டில் முதல்முறை சிக்கியவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் அவருக்குச் சமுதாயச் சேவையையே தண்டனையாக வைத்திருக்கிறது. பெரியவர்களுக்கே அப்படி.

காவல் நிலையம்வரை போய்விட்டால்

இந்தக் கரையில் பிடிப்பவர் உள்ளூர்ப் போலீஸாக மட்டும் இருக்க மாட்டார். மெரைன் போலீஸ், கியூ பிரிவு (தமிழ்நாடு காவல்துறையின் உளவுப் பிரிவு), சுங்கத்துறை, வனத்துறை, கடலோரக் காவல்படை என்று யாராகவும் இருக்கலாம். எந்தத் துறை, எந்த அலுவலகம், எத்தனை மணிக்குப் பிடித்தார்கள் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வரும் 24 மணி நேரக் கணக்கு அந்த நேரத்திலிருந்துதான்.

அடுத்தது வயதுக்கான காகிதம். பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று முதலில் செல்லும். இல்லாவிட்டால் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி தந்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. ஆதார் இந்த வரிசையில் இல்லை. பார்க்கப்படுவது குற்றம் நடந்த நாளின் வயது. பதறிப்போய் “பத்தொன்பதுன்னு சொல்லு, அபராதம் கட்டி முடிச்சுரலாம்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஒரு பொய் அவனை மத்தியச் சிறை வரைக்கும் கொண்டுபோகும்.

18 ஆகாதவனுக்கு 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தரும் வழி இது: லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது. குழந்தைகள் நலக் காவல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும், பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள், அவர்களில் ஒருவராவது பெண். இவற்றில் எது நடக்காவிட்டாலும் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். இலவச வக்கீலுக்கு 15100, அல்லது இராமநாதபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு.

வக்கீல் விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். பார்சல் கொடுத்தவனே வக்கீலை அனுப்புவான், செலவையும் ஏற்பான். “சின்னப் பையன், அவனுக்கு ஒண்ணும் ஆகாது, எல்லாத்தையும் அவனே செஞ்சதா ஒத்துக்கட்டும்” என்பான். அந்த வக்கீல் யாரைக் காப்பாற்ற வந்திருக்கிறார் என்று யோசியுங்கள். பையன் தனியாகச் செய்தான் என்று பதிவானால் அனுப்பியவன் வெளியே இருப்பான், அடுத்த பையனைத் தேடுவான். மேலும், கஞ்சா 20 கிலோவைத் தாண்டி, பையனுக்கு 16 முடிந்திருந்தால் அது கொடிய குற்றம் என்ற வகை. அவனைப் பெரியவர்போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்யும். அதற்குள் உங்கள் பக்கத்து வக்கீல் இருந்தாக வேண்டும்.

கடுமையான தண்டனை வேண்டும் என்று கேட்பவர்கள் கேட்க வேண்டிய இடம் இதுதான். பிள்ளையைக் கூலிக்கு வைத்துக் குற்றம் செய்ய வைத்தவருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 95-ஆம் பிரிவில் 3 முதல் 10 ஆண்டு சிறை. செய்ய வைத்த குற்றத்துக்கான தண்டனையும் அவருக்கே சேர்ந்து விழும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 78-ஆம் பிரிவில், போதைப் பொருள் கடத்தப் பிள்ளையைப் பயன்படுத்தினால் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் வரை அபராதமும். இந்தப் பிரிவுகளை வழக்கில் சேர்க்கும்படி எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பையன்களுக்குத் தண்டனையை ஏற்றினால் 17 வயதுக்காரனை விட்டு 13 வயதுக்காரனைப் பிடிப்பார்கள் என்பதே எங்கள் கருத்து. அனுப்புகிறவனுக்கு உறுதியாக விழுந்தால்தான் அந்தச் சங்கிலி அறும்.

ஜாமீன் சாதாரணமாகக் கிடைக்கக்கூடியதே. மறுப்பதற்குச் சட்டம் சொல்லும் முக்கியக் காரணம், வெளியே விட்டால் மறுபடி குற்றவாளிகளோடு சேர்வான் என்பது. அதற்குப் பதிலைக் கையோடு கொண்டுபோங்கள்: கரையிலிருந்து தள்ளி, பரமக்குடியிலோ சிவகங்கையிலோ உள்ள மாமா வீட்டில் சில மாதம் தங்குவான், இந்தப் பள்ளியில் சேர்வான், இவர் பொறுப்பு என்று எழுதி, அந்த மாமாவையே நேரில் நிறுத்துங்கள். வெறும் “இனிமே பார்த்துக்கறோம்” எடுபடாது. நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் சமூகப் பின்னணி அறிக்கை தயாரிப்பார். வீட்டு நோட்டும், பள்ளி வருகைப் பதிவும், ஊரில் எழுதிய பக்கமும் அவர் கையில் சேரட்டும். வீடு ஏற்கெனவே கண்டித்துத் திருத்தப் பார்த்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை.

கண்டித்து அனுப்புவது, குழு ஆலோசனை, சமுதாயச் சேவை, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு, அதிகபட்சம் 3 ஆண்டு சிறப்பு இல்லம் என்று குழுமத்தின் உத்தரவு எதுவாகவும் இருக்கலாம். சின்னக் குற்றத்துக்கான விசாரணை 4 மாதத்தில் முடிய வேண்டும், நீட்டினால் இன்னும் 2 மாதம். “இளம் குழுமம்தானே” என்று வாய்தாவுக்குப் போகாமல் இருப்பது பெரிய தவறு. படகு போகும் நாளாக இருந்தாலும் அன்று கரையில் நில்லுங்கள்.

திரும்பி வந்த பிறகு

அவனுடைய பெயர், படம், பள்ளி, ஊர் எதையும் பத்திரிகையோ வலைத்தளமோ வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம். ஊர்க் குழுவில் யாராவது போட்டிருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து நீக்கச் சொல்லுங்கள். “அட்டைக் கேஸ்”, “பொட்டலம்” என்று பட்டப்பெயர் ஒட்டுவதைப் பெரியவர்கள் முதல் நாளிலேயே அதட்டி நிறுத்த வேண்டும். பட்டப்பெயர் நின்றுவிட்டால் ஊரில் அதுவே அவன் தொழிலாகிவிடும்.

பத்தாம் வகுப்பில் பாடம் போயிருந்தால் துணைத் தேர்வுக்கு உடனே பணம் கட்டுங்கள். முதல் மூன்று மாதம் சாயங்கால நேரங்களை நிரப்புங்கள்: டியூஷன், கபடி, வலை வேலை எதுவானாலும் சரி, ஆறு மணிக்கு அவன் எங்கே என்று ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய ஆட்கள் தேடி வருவது உறுதி. “நான் பேசக்கூடாதுன்னு குழுமம் சொல்லியிருக்கு” என்ற பதிலை அவன் வாயில் பழக்கிவிடுங்கள். துணிச்சல் இல்லாத பையனுக்குச் சாக்கு ஒன்று வேண்டும். மிரட்டல் வந்தால் மெரைன் போலீஸின் 1093-க்குச் சொல்லலாம்.

சபர் (வெளிநாட்டு வேலை) போகக் காத்திருக்கும் வீடுகள் கேட்கும் கேள்வி: பாஸ்போர்ட்டுக்கு இடைஞ்சல் வருமா? குழுமம் முடித்த வழக்கால் பிள்ளைக்கு எந்தத் தகுதிக் குறைவும் வரக்கூடாது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவுகளை அழிக்க வேண்டும் என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. 16 கடந்து, பெரியவர்போல விசாரிக்கப்பட்டவனுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. பதிவு அழிக்கப்பட்டதா என்று வக்கீல் வழியாக எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னும் ஒன்றை அவனிடம் நேராகவே சொல்லிவிடுங்கள். 18-ஆவது பிறந்தநாள் என்றைக்கு என்று நாட்காட்டியில் காட்டுங்கள். அந்தத் தேதிக்கு மறுநாள் செய்யும் தப்புக்குக் குழுமம் கிடையாது, விசாரணைக் காலத்தில் சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லம் கிடையாது. பிடித்தால் லாக்கப், நீதிமன்றம், சிறை. அவனை அனுப்பியவனுக்கும் அந்தத் தேதி தெரியும், அதற்குள் இன்னொரு சின்னப் பையனைப் பார்த்து வைத்திருப்பான். அந்தச் சின்னப் பையன் யார் என்பது ஊரில் உங்கள் மகனுக்குத்தான் முதலில் தெரியவரும். அவன் வந்து சொன்னால் யாரிடம் சொன்னான் என்று வெளியே விடாமல், அன்று இரவே அந்த வீட்டுக்குப் போங்கள்.